வேறொரு லென்ஸ் திரும்பி வந்தபோது: ஒரு ரீஃபண்ட் புகாரைக் கடந்த விதம்

பயன்படுத்திய கேமரா லென்ஸ்களை இணையத்தில் விற்பவர்களுக்கு, "பொருள் விவரித்தபடி இல்லை" என்று வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்பது புதிதல்ல. நான் விற்ற ஒரு லென்ஸ் குறித்து எழுந்த அத்தகைய புகார், விற்பனைத் தளத்தில் தொடங்கி மேல்முறையீடு வரை சென்று, அங்கே முடிந்த பிறகு வாங்கியவரின் வங்கி வழியாக மீண்டும் கிளம்பியது. அந்த வழியில் உண்மையில் எது உதவியது என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

லென்ஸின் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறது, பாதிப் பணத்தைத் தந்தால் லென்ஸைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்பதுதான் வாங்கியவரின் முதல் செய்தி. பின்பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சினால் பூஞ்சை சிலந்தி நூல் போலத் தெரியும். அனுப்புவதற்கு முன் அப்படிப் பார்த்துப் படமும் எடுத்திருந்ததால் எனக்கு ஐயம் எழுந்தது. ஆனாலும் நான் வாதாடவில்லை. லென்ஸைத் திருப்பி அனுப்புங்கள், முழுத் தொகையையும் தருகிறேன், அனுப்பும் செலவும் என்னுடையது என்று பதில் எழுதினேன். உண்மையாகவே குறையைக் கண்டவருக்கு இதைவிட நியாயமான பதில் இல்லை. விலையைக் குறைப்பதே நோக்கமாக இருப்பவருக்குத்தான் பொருளைத் திருப்பி அனுப்ப மனம் வராது. அவர் தொலைபேசியில் பேசலாம் என்று பலமுறை கேட்டும், எல்லாப் பதிலையும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதினேன். வெளியே பேசியது எதுவும் தீர்ப்புச் சொல்பவரின் கண்ணுக்குத் தெரியாது.

திரும்பி வந்த பார்சலை, முகவரிச் சீட்டு, ஒட்டிய டேப், உள்ளே இருந்த பொருள் என இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்தபடியே பிரித்தேன். அதே மாடல் லென்ஸ்தான், பூஞ்சையும் இருந்தது, ஆனால் வளையத்தில் பொறித்திருந்த வரிசை எண் நான் விற்ற லென்ஸின் எண் அல்ல.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான விற்பனையாளர்கள் மனம் தளர்ந்துபோகிறார்கள். பொருள் விற்பனையாளரைச் சென்றடைந்துவிட்டது என்று டிராக்கிங் காட்டியதால், தொகையை வாங்கியவருக்கே தர வேண்டும் என்று தளத்தின் முதல் முடிவு வந்தது. மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை பணம் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால், உடனே மேல்முறையீடு செய்தேன். தீர்ப்புச் சொல்பவர் அந்த லென்ஸைப் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவர் முன் இருப்பவை சில படங்களும் சில வரிகளும் மட்டுமே. அதனால் என் கோபத்தையோ பல ஆண்டு நற்பெயரையோ எழுதாமல், நிகழ்ந்த வரிசையில் படங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அது எதைக் காட்டுகிறது என்று ஒரே வரி எழுதினேன். விற்பனை அறிவிப்பில் நான் ஏற்றிய படத்திலேயே வரிசை எண் தெரிந்தது. அது விற்பனைக்கு முன்பே தளத்தில் இருந்த படம் என்பதால் பின்னர் தயாரித்தது என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கியவர் பூஞ்சையைக் காட்ட ஏற்றிய படத்தின் ஓரத்திலும் எண்ணின் கடைசி இலக்கங்கள் விழுந்திருந்தன. அவை என் லென்ஸின் இலக்கங்களோடு பொருந்தவில்லை. அவர் தந்த சான்றே வழக்கை முடித்தது என்று நம்புகிறேன். மேல்முறையீட்டில் முடிவு மாறியது. திரும்பி வந்த லென்ஸை விற்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

தளத்தில் புகார் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கார்டில் பணம் செலுத்தியவர் தன் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது செலுத்திய தொகையை விற்பனையாளரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெற்றுத் தருமாறு, கேட்கலாம். விசா விதிகளில் இதற்குப் பொதுவான கால வரம்பு 120 நாள். பேபால் என்னும் இணையப் பணச் சேவை வழியாகச் செலுத்தியிருந்தால் 180 நாள் வரை புகாரைத் தொடங்கலாம். தொடங்கிய 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்திற்குக் கொண்டுசெல்லாவிட்டால் அது தானாக முடிந்துவிடும். புகாரின் வகையையும் கவனமாகப் படிக்க வேண்டும். விசாவில் பொருள் வந்து சேரவில்லை என்பதற்கு 13.1, விவரித்தபடி இல்லை என்பதற்கு 13.3 என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. முதல் வகைக்கு டிராக்கிங் எண் வலுவான சான்று. இரண்டாவதற்கு அதை மட்டும் அனுப்பினால் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகவே ஆகும்.

பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால், பணம் வந்த அதே பரிவர்த்தனை வழியாகவே தர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாங்கியவர் கெஞ்சினாலும் வேறொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பக் கூடாது, ஏனென்றால் மூலப் பரிவர்த்தனை மீதான சார்ஜ்பேக் உரிமை அப்போதும் உயிரோடு இருக்கும், தொகை இரண்டு முறை கைவிட்டுப் போகக்கூடும். "திரும்பப் பெற இயலாது" என்று அறிவிப்பில் எழுதுவதும் பெரிய காப்பு அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடமிருந்து இணையத்தில் வாங்கும் நுகர்வோர், சில விலக்குகள் நீங்கலாக, 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே பின்வாங்கலாம்.

வாங்கியவர் சொல்வது சரியாக இருக்கும் புகார்களே எனக்கு அதிகம் வந்திருக்கின்றன. அப்போது அன்றே முழுத் தொகையையும் திருப்பிவிடுகிறேன். நியாயமான குறையைச் சொன்னவரைச் சான்று கேட்டு அலைக்கழிப்பது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

சார்ஜ்பேக் அறிவிப்பு வந்தபோது, மேல்முறையீட்டுக்குத் தொகுத்த அதே கோப்புடன் தளத்தின் இறுதி முடிவையும் இணைத்துக் கெடுவுக்குள் அனுப்பினேன். வங்கி கோரிக்கையை ஏற்கவில்லை. பிடித்துவைத்த தொகை என் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.