ஒவ்வொரு கட்டமும் தாமதமாகத்தான் புரிந்தது

முதல் ஆறு மாதம் நாங்கள் செய்ததை யாருமே உபயோகிக்கவில்லை. அப்போது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வண்டி பழுதுபார்க்கும் சிறு பணிமனைகளுக்கு ஒரு செயலி. எந்த வண்டி எப்போது வந்தது, என்ன பாகம் மாற்றியது, பாக்கி எவ்வளவு, எல்லாம் அதில் பதியலாம். பதினோரு பணிமனைகள் இலவசமாக வாங்கி வைத்துக்கொண்டன. கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றார்கள்.

ஒரு நாள் அதில் ஒரு பணிமனையில் ஓரமாக ஸ்டூல் போட்டு, காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்தேன். உரிமையாளர் கையெல்லாம் கிரீஸ். வண்டி வந்தால் விரலைத் துணியில் துடைத்துவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் எழுதுவார். ஃபோன் பாலிதீன் கவருக்குள் கிடந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் அதை எடுத்து, கவருக்கு மேலேயே இரண்டு தட்டு தட்டினார். "இந்தக் கையோட இதைத் தொட முடியுமா தம்பி?" என்றார். எட்டுக் கட்டம் நிரப்பும் அந்தப் படிவத்தை வடிவமைத்தது நான்தான். மூன்று வாரத்தில் படிவத்தைத் தூக்கிவிட்டு, பேசினாலே பதிவாகும்படி மாற்றினோம். பிறகு காசு கேட்டோம். நான்கு பேர் கழன்றுகொண்டார்கள், ஏழு பேர் கொடுத்தார்கள். "நல்லா இருக்கு" என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே சமயத்தில் உள்ளே ஒரு சிக்கல். மூன்று பேராகத் தொடங்கியவர்கள் நாங்கள். நண்பர்கள் என்பதால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முதல் நாளே எழுதிக்கொண்டோம். எட்டாவது மாதம் ஒருவன் வேறு வேலைக்குப் போனான். தப்பில்லை, வீட்டு நிலைமை அப்படி. ஆனால் பங்கு அவன் பெயரிலேயே நின்றது. வெஸ்டிங், அதாவது கூடவே இருந்து வேலை செய்யச் செய்யப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும் ஏற்பாடு, போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. வழக்கமான ஏற்பாட்டில் நான்கு வருடத்தில்தான் பங்கு முழுவதும் கைக்கு வரும், முதல் வருடம் முடிவதற்குள் போனால் ஒன்றும் கிடையாது. எங்களிடம் அது இல்லாததால் இரண்டு மாதம் பேசினோம். கடைசியில் 5% வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தான். அவன் நல்லவன் என்பதால் தப்பித்தோம். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு 47.5%. மறுநாளே வெஸ்டிங் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அறுபது வாடிக்கையாளர் வந்ததும் ஸ்டார்ட்அப் வளர்ச்சி ஆலோசகர் ஷான் எல்லிஸ் பிரபலப்படுத்திய கேள்வியை அனுப்பினேன்: நாளையிலிருந்து இந்தச் செயலி இல்லையென்றால் எப்படி உணர்வீர்கள்? "மிகவும் ஏமாற்றமாக இருக்கும்" என்பவர்கள் 40 சதவீதத்தைத் தொட்டால் சந்தை நம்மை ஏற்றுக்கொண்டதாக அவர் கணக்கு. எங்களுக்கு வந்தது 23. பதில்களைப் பிரித்துப் பார்த்தால் இருசக்கர வண்டிப் பணிமனைகளில் மட்டும் பாதிப் பேருக்கு மேல் அப்படிச் சொல்லியிருந்தார்கள். அங்கேயே நின்றிருக்க வேண்டும். நாங்களோ விற்பனைக்கு இரண்டு பேரை எடுத்து, கண்ணில் பட்ட கடைக்கெல்லாம் விற்றோம். புது வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதால் தினமும் அந்த வரைபடத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மாதம் 5% பேர் விலகுவது சின்ன விஷயமாகத் தெரிந்தது. 0.95ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள், 0.54 வரும். வருட ஆரம்பத்தில் இருந்த நூறு பேரில் 46 பேர் வருட முடிவில் இருக்க மாட்டார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம்.

இதற்கிடையில் கையிருப்பு கரைந்தது. இருப்பை மாத நிகரச் செலவால் வகுத்தால் பதினான்கு மாதம் ஓடும் என்று இருந்தது, ஆள் எடுத்த பிறகு ஏழு மாதமானது. முதல் பணத்தை சேஃப் ஒப்பந்தத்தில் முன்பே வாங்கியிருந்தோம். பணம் இப்போது, அதற்கான பங்கு அடுத்த முதலீட்டுச் சுற்றில் என்பதுதான் சேஃப். ஸ்டார்ட்அப்களுக்கு ஆரம்பப் பணம் கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான வொய் காம்பினேட்டர் அதை 2013இல் கொண்டுவந்து, 2018இல் போஸ்ட்-மணி முறைக்கு (வாங்கும் பணத்தையும் சேர்த்த மதிப்பில் பங்கைக் கணக்கிடுவது) மாற்றியது. நாங்கள் வாங்கியது 20 சதவீதத்துக்கு ஈடானது. பிறகு நடந்த முதல் பெரிய முதலீட்டுச் சுற்றில் இன்வெஸ்டருக்கு 20%. ஊழியர்களுக்கு ஒதுக்க வேண்டிய 10 சதவீதத்தையும் பழைய பங்குதாரர்கள் தலையில்தான் கட்டினார்கள். 47.5 முதலில் 38 ஆகி, அப்புறம் 26.6 ஆனது. ஒரே ராத்திரியில் நடந்ததில்லை என்றாலும், அந்த எண்ணைப் பார்த்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நிறுவனத்தின் மதிப்பீட்டுத் தொகையை உயர்த்தத்தான் வாரக்கணக்கில் பேரம் பேசியிருந்தேன். அந்த 10% எந்தப் பக்கம் கணக்காகிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அந்தச் சுற்று முடிய ஐந்து மாதம் ஆனது. இன்னும் இரண்டு மாதம் தாமதமாகத் தொடங்கியிருந்தால் கையேந்திய நிலையில் பேசியிருப்போம்.

பணம் வந்த பிறகு தடையாக இருந்தது நான்தான். ஐந்து பேர் இருந்தபோது ஆளுக்கு ஆள் பேசும் இணைப்புகள் பத்து. பன்னிரண்டு பேரில் அது 66, இருபதில் 190. அத்தனையும் என் வழியாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பொத்தானில் "சேமி" என்பதா "பதிவு செய்" என்பதா என்று கேட்டு ஒரு பெண் மூன்று நாள் காத்திருந்தாள். நான்காம் நாள் பார்த்தேன், எது வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று பதில் அனுப்பினேன். அவள் ராஜினாமா கடிதத்தில் காரணம் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு எந்த முடிவை யார் எடுக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டினோம். வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தருவது உதவிக் குழுவின் முடிவு, எது எப்போது வெளியாகும் என்பது தயாரிப்புக் குழுவின் முடிவு. என் பெயருக்கு எதிரே நான்கே வரி. முதல் இரண்டு மாதம் அந்தத் தாளை நானே அதிகமாக மீறினேன். விற்பனையை இருசக்கர வண்டிகளோடு நிறுத்தியதும் விலகல் 2 சதவீதத்துக்கு வந்தது. அதை எனக்குச் சொன்னதே விற்பனைக் குழுதான்.

போன வாரம் அந்த முதல் பணிமனைக்காரர் ஃபோன் பண்ணினார். "பாக்கி வச்சவங்களுக்கு தானாவே ஞாபகப்படுத்துற மாதிரி ஒண்ணு வந்திருக்கே தம்பி, மூணு பேரு கொடுத்துட்டாங்க" என்றார். ஆமாம் அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டு, செயலியைத் திறந்து அது எங்கே இருக்கிறது என்று தேடினேன்.