வரைபடத்துக்கு முன்னால் ஒரு சண்டை

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் வார இறுதியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்து, பாட்டு என்றே போனால் பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அதனால் இந்தத் தவணையில் கணக்கெடுப்பை நுழைத்தேன். பிள்ளைகளே கேள்வி கேட்க வேண்டும், எண்ண வேண்டும், பட்டை வரைபடம் போட வேண்டும், பிறகு அதைப் பார்த்துத் தமிழில் பேச வேண்டும்.

விவரத்தைத் தயாராகக் கொடுத்துவிட்டு "வரைபடம் வரைக" என்று சொல்லும் பயிற்சிகள் எனக்குப் பிடிக்காது. முக்கியமான வேலையெல்லாம் அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது, அந்த வேலை பிள்ளைகள் கைக்கு வருவதே இல்லை. "பிடித்த சாப்பாடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும், எல்லாப் பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும், அப்புறம் பேச என்ன இருக்கிறது? "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றால் ரொட்டி, தால் பூரி, ஃபராட்டா என்று நான்கைந்து வகைக்குள் அடங்கும். ஆனால் சாப்பிடாமல் வந்த பிள்ளை எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் அதையும் விட்டேன். வீடு, பணம், உடல் எடை பற்றிய கேள்விகளும் வேண்டாம்.

கடைசியில் எடுத்துக்கொண்டது "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்பதை. சண்டை உடனே ஆரம்பித்தது. அம்மாவிடம் கிரியோல் (இங்கே பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி), அப்பாவிடம் பிரெஞ்சு என்றால் எதில் கோடு போடுவது? பாட்டி தமிழில் தேவாரம் பாடுவார், பேசமாட்டார், அது சேருமா? ஒருவன் பூனையிடம் ஆங்கிலம் பேசுவானாம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நெடுநேரம் வாதாடி, பாட்டு சேராது, பூனை சேராது, ஒருவர் இரண்டு மொழி சொல்லலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இதே தலைவலி உண்டு. வீட்டில் பேசும் மொழியைக் கேட்டு வெளியிடும் அட்டவணைகளில் "கிரியோலும் போஜ்புரியும்" என்று இரண்டையும் சேர்த்து ஒரு வரி இருக்கும்.

எண்ணுவது சுலபம்: நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே.

வரைவதற்குப் படம் போடச் சொல்லாதீர்கள், ஒரே அளவு ஒட்டுத்தாளைக் கொடுங்கள். படமாகப் போட்டால் ஆசைப்பட்ட பிள்ளை பெரிதாகப் போடும், மூன்று பேருடைய பட்டை ஐந்து பேருடையதைவிட உயரமாகிவிடும். எல்லாப் பட்டையும் ஒரே அடிக்கோட்டிலிருந்து ஏற வேண்டும் என்பதையும் தாளை ஒட்டும்போதுதான் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர், தாள் பத்தொன்பது. "ஏழு பேர் எங்கிருந்து வந்தார்கள்?" என்று கேட்டேன். ஆளை எண்ணவில்லை, பதிலை எண்ணியிருக்கிறோம் என்று ஒருத்தி கண்டுபிடித்துக் கிரியோலில் கத்தினாள். தமிழில் சொல்ல வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பார்த்துப் பேசுவதில் படிகள் உண்டு. "எது அதிகம்?" என்றால் எல்லாரும் சொல்வார்கள். "தமிழைவிடக் கிரியோல் எத்தனை அதிகம்?" என்றால் கிரியோல் பட்டையில் இருக்கிற பதினொன்றையே சொல்வார்கள், தமிழின் நான்கைக் கழிக்கத் தோன்றாது. குட்டைப் பட்டையின் உச்சியில், இரண்டு பட்டைக்கும் குறுக்கே பென்சிலைப் படுக்க வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எண்ணச் சொல்கிறேன். வரைபடத்தில் இல்லாததைக் கேட்பது அதற்கும் அடுத்த படி.

அதற்காகத்தான் நாட்டுக் கணக்கைக் காட்டினேன். வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள் 2000இல் சுமார் 70 சதவீதம், 2011இல் 84 சதவீதம். சதவீதம் இந்த வயதுக்குப் புரியாது, அதனால் நூறு பேரை வரிசையில் நிற்க வைத்தால் என்று சொன்னேன். தமிழ் அந்த வரிசையில் கண்ணுக்கே தெரியாது, நம் வகுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு என்றேன். தமிழ் வகுப்பில்தானே மிஸ் கேட்டோம் என்றான் பூனைக்காரன்.

சரி, அப்படியானால் வெளியே போய்க் கேளுங்கள் என்று ஆளுக்கு ஐந்து வீடு கொடுத்திருக்கிறேன். ஒரே தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரே வீட்டை இரண்டு பேரும் எண்ணாமல் இருக்க என்ன செய்வது என்று இப்போதே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது.