‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கிட்டார் சுவரை வீட்டில் எழுப்பிப் பார்த்தது

எடுத்துக்கொண்ட வேலை சின்னதுதான். அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவின் 1986 ஆல்பம் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. அதன் தலைப்புப் பாடல் எட்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் முதல் இரண்டு நிமிடத்தின் ரிதம் கிட்டார் (பாடலைத் தாங்கி ஓடும் கிட்டார்), பாஸ் கிட்டார், டிரம்ஸ் மட்டும் அசல் போலவே வீட்டில் பதிவுசெய்வது. குரல் இல்லை, சோலோ இல்லை. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட கிட்டார், அதைக் கணினியோடு இணைக்க இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், மெசா பூகி மார்க் டூ சி பிளஸ் ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருள், நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டின் ஐஆர் கோப்பு (அதன் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த கோப்பு), டிரம் சாம்பிள்கள். இவ்வளவுதான் சாமான்.

அசல், கோபன்ஹேகனில் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் 1985 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசெனோடு பதிவானது. மிக்ஸ் மட்டும் அமெரிக்காவில், மைக்கேல் வாகனர் கையில். ஒரு மியூசிக் வீடியோகூட எடுக்காமல் அமெரிக்காவில் பிளாட்டினம் தொட்ட முதல் த்ராஷ் (அதிவேக மெட்டல்) ஆல்பம் இது. ரிதம் கிட்டார் முழுவதையும் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒருவரே அடுக்கடுக்காக வாசித்தார். இந்த ஒரு தகவல்தான் மற்ற எல்லா முடிவுகளுக்கும் சாவி.

முதல் சுற்று. ஆம்பில் கெயின் (டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பின் அளவு) 8, பாஸ் (அடிச்சத்தத் திருகி) 6, மிட் (நடுச்சத்தம்) பூஜ்யம். இணையத்தில் பாதிப்பேர் சொல்லும் அமைப்பு. தனியாகக் கேட்டால் மலை மாதிரி இருக்கும். டிரம்ஸ் உள்ளே வந்ததும் கொழகொழவென்று கரைந்துவிடும். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி அடிப்பது) ஒவ்வொன்றும் ‘டுப்’ என்று விழாமல் ‘பூஃப்’ என்று பரவும். காரணம் ஆம்பின் உள்ளமைப்பு. மார்க் வகை ஆம்பில் பாஸ், மிட், ட்ரெபிள் திருகிகள் டிஸ்டார்ஷன் கட்டத்துக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே பாஸைக் கூட்டினால் கூடுவது அடிச்சத்தம் அல்ல. டிஸ்டார்ஷனுக்குள் போகும் சேறு. அதனால் பாஸ் 1, அதிகம் போனால் 2. ட்ரெபிள் 7. இந்த நிலையில் சத்தம் தகர டப்பா மாதிரி கேட்கும், பயப்படத் தேவையில்லை. இழந்த அடிச்சத்தத்தைத் திருப்பித் தருவது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பட்டை கிராஃபிக் இக்யூ (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது): 80 ஹெர்ட்ஸ் மேலே, 240 நடுவுக்குச் சற்று மேலே, 750 நன்றாகக் கீழே, 2200 நடுவில், 6600 கொஞ்சம் மேலே. 750-ஐ அடிமட்டத்துக்கே தள்ளினால் மிக்ஸில் கிட்டார் காணாமல் போகும். கடைசி கால்பங்கை விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் அடுக்குகள். இடம், வலம் முழு ஓரத்தில் ஒவ்வொன்று, அவற்றுக்கு உள்ளே 75 விழுக்காட்டில் ஒவ்வொன்று, உள் ஜோடி 5 டெசிபல் குறைவு. ஆக மொத்தம் நான்கு டேக் (தனித்தனி வாசிப்புப் பதிவு). ஒரே டேக்கை நகலெடுத்துத் தள்ளிவைத்தால் அகலம் வராது. ஒரே ஒலி சிறு தாமதத்தோடு தன்னோடே மோதும் கோம்ப் ஃபில்டர் விளைவால் குழாய்க்குள் கேட்பது போல ஆகிவிடும். நான்கையும் தனித்தனியாகத்தான் வாசிக்க வேண்டும். கெயினை 8-லிருந்து 5-க்கு இறக்க வேண்டியது இங்கேதான். நான்கு கிட்டார் சேரும்போது அவற்றின் டிஸ்டார்ஷனும் சேர்கிறது. தனியாகக் கேட்டால் ‘இது போதாதே’ என்று தோன்றும் கெயின்தான் சரியான அளவு. ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனிங் பார்க்காமல் போனால் பவர் கார்டுகள் (இரண்டு மூன்று கம்பியைச் சேர்த்து அடிக்கும் கார்டுகள்) நடுங்கும். இடது கை அழுத்தம் கூடினாலே சுருதி ஏறும் என்பதால், ட்யூனரில் மெதுவாக மீட்டிப் பார்ப்பதைவிட வாசிக்கும் வேகத்தில் அடித்துப் பார்ப்பது நல்லது.

உண்மையான தலைவலி வலது கைதான். பாடலின் வேகம் சுமார் 212 பிபிஎம் (நிமிடத்துக்கு 212 தாளத் துடிப்பு). எட்டாம் சுரங்களாக (துடிப்புக்கு இரண்டு) எண்ணினால் நிமிடத்துக்கு 424 அடி, நொடிக்கு ஏழு, ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 141 மில்லி செகண்ட். அத்தனையும் கீழ்நோக்கிய அடிகள். மேலும் கீழுமாக அடித்தால் சுலபம்தான், ஆனால் மேல்நோக்கிய அடி கம்பியை வேறு கோணத்தில் தொடுவதால் ஒன்றுவிட்டு ஒன்று மெலியும். அசலின் அந்த இயந்திர உறுமல் போய்விடும். 160-ல் தொடங்கி, இரண்டு நிமிடம் தோள் இறுகாமல் ஓடினால் மட்டும் 4 பிபிஎம் ஏற்றுவது. 190-க்கு மேல் முழங்கையிலிருந்து அடித்தால் முடிந்தது கதை. மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும், பிக் (கம்பியை மீட்டும் சில்லு) கம்பியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். தசைநாண் கெட்டால் மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாது.

வெர்ஸ் ரிஃபில் (சரணத்தில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியில்) ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று முழு 4/4 அளவுக்கு (நான்கு துடிப்புச் சுற்றுக்கு) பின் நான்காவது பாதியில் வெட்டுப்படுகிறது. 5/8 என்று எழுதுவோர் உண்டு, 21/32 என்று எழுதுவோரும் உண்டு. வித்தியாசம் எட்டாம் சுரத்தில் கால்வாசி, அதாவது 35 மில்லி செகண்ட். 5/8 என்று வைத்து கிளிக் (தாளம் காட்டும் மெட்ரோனோம்) போட்டால் ஒவ்வொரு நான்காவது அளவிலும் அசலைவிட அவசரமாகக் கேட்கும். அசலைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு அளவின் முதல் அடியிலும் கையால் குறி வைத்து, அந்த டெம்போ வரைபடத்துக்கு வாசித்ததுதான் ஒத்துவந்தது. கணக்கு வாத்தியார் வேலை, ஆனால் வேறு வழியில்லை.

பாஸ் கிட்டாரை க்ளிஃப் பர்ட்டன் விரலால் வாசித்தார், பிக் கிடையாது. விரலின் அடி மென்மையாகத் தொடங்குவதால் கிட்டாரின் கூர்மையோடு மோதாது. கிட்டாரில் 750-ஐ வெட்டிய குழியில்தான் பாஸ் உட்கார வேண்டும்: 700 முதல் 900 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றம், லேசான டிஸ்டார்ஷன். கிட்டாருக்கு 80-க்குக் கீழே வெட்டு. பாம் மியூட்டின் போது மட்டும் 120–200 பகுதியை 3 டெசிபல் அமுக்க ஒரு டைனமிக் இக்யூ. இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் பாஸ் என்று ஒரு ஆள் இருப்பதே காதில் விழுந்தது.

டிரம்ஸில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சாம்பிளின் வால், அதாவது அடிக்குப் பின் நீளும் ஓசை. இந்த வேகத்தில் இரட்டை கிக் பதினாறாம் சுரங்களில் வந்தால் இடைவெளி 71 மில்லி செகண்ட்தான். வால் அதைவிட நீண்டால் தனி அடிகள் இல்லாமல் ஒரே இரைச்சல். கேட் (மெலியும் ஓசையை வெட்டும் கருவி) போட்டு 60 மில்லி செகண்டுக்குள் நறுக்கி, 3–4 கிலோஹெர்ட்ஸில் ‘டிக்’ ஏற்ற வேண்டும். இன்னொன்று ரிவெர்ப் (அறை எதிரொலி). வேகமான த்ராஷ் தாளத்தில் ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கும் சிறிய டிரம்) 283 மில்லி செகண்டுக்கு ஒரு முறை விழும், 1.2 நொடி ரிவெர்ப் போட்டால் நாலு அடியின் எதிரொலி எப்போதும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். அதே 1986-ல் ரிக் ரூபின் தயாரித்து ஆண்டி வாலஸ் பதிவுசெய்த ஸ்லேயர் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ ரிவெர்பை ஏறக்குறைய தூக்கியே எறிந்துவிட்டது. 29 நிமிடத்துக்குள் முடியும் அந்த ஆல்பம் அந்த வேகத்திலும் தெளிவாக இருப்பதற்கு அது பெரிய காரணம். மெட்டாலிகாவின் வழி அது அல்ல, அறையின் ஒலி வேண்டும். 0.7 நொடி, முன் தாமதம் 20 மில்லி செகண்ட், ரிவெர்புக்கு மட்டும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு என்ற இடத்தில் நின்றிருக்கிறது.

இப்போதைய நிலை: கிட்டார் சுவர் அசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஸ்னேர் வரவில்லை. சாம்பிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்தது அதே ஆல்பத்தின் ‘தி திங் தட் ஷுட் நாட் பீ’. அது ஒரு முழு சுரம் கீழே, டி ட்யூனிங். 10–46 தடிமன் கம்பியில் முயன்றால் தடித்த கம்பி தொய்ந்து, பலமாக அடிக்கும் கணத்தில் சுருதி மேலே எகிறும். 11–52 போட்டு, நட் பள்ளத்தை (கழுத்து முனையில் கம்பி உட்காரும் பள்ளம்) தேவைக்கு அகலப்படுத்தி, இன்டொனேஷனை (கழுத்து நெடுகச் சுருதி பிசகாமை) திருத்திய பிறகே பதிவு.