பாட்டியின் பராமரிப்பு நிலை: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியை இரண்டாம் நிலைப் பராமரிப்பிலிருந்து, கூடுதல் உதவி தரும் மூன்றாம் நிலைக்கு மாற்றும்படி இரவுப் பணியாளர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகப் பேச்சு தடுமாறுகிறது, இரண்டு முறை ஆடை நனைந்தது, நேற்று குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார், விடியும் முன்பே எழுந்து நடமாடுகிறார் என்பவை அவர்கள் காட்டும் காரணங்கள். பார்தெல் அட்டவணையில் ஜனவரியில் 75 இருந்த மதிப்பெண் இன்று 50. 1965இல் வெளிவந்த அந்த அட்டவணை, உண்பது முதல் படியேறுவது வரை பத்துச் செயல்களை 100க்கு அளக்கிறது. எதனால் குறைந்தது என்பதை நாம்தான் தேட வேண்டும். மூன்றே நாளில் இவ்வளவு சரிந்ததை வயதின் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 5, புதன்

சிறுநீரில் கிருமித்தொற்று என்று கிளினிக்கில் தெரிந்தது. முதியவர்களிடம் தொற்று திடீர்க் குழப்பமாகவும் வெளிப்படும். படுத்திருந்தபோது 142 இருந்த இரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 116க்கு இறங்கியது; 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்று சொல்லி மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார். மூன்றாம் நிலைக்கு மாறினால் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) கூடுமோ என்று கவலைப்பட்ட பாட்டியின் மகனிடம், “தேறி வரட்டும் தம்பி, பிறகு அளப்போம்” என்றேன்.

மார்ச் 20, வியாழன்

இரவுப் பணியை நானே கேட்டு வாங்கினேன். சரியாக நான்கு மணிக்குப் பாட்டி எழுந்து, கட்டிலோரத்தில் அமர்ந்து, ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். பால்மரக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள். கடைசிக் கொக்கி மூன்று முறை நழுவியும் என் கையைத் தள்ளிவிட்டார். “பெரட்டுக்கு எழும்பின உடம்பு தாயி, படுத்திருக்காது” என்றார் தெளிவாக. ரப்பர்த் தோட்டத்தில் விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் அழைப்புதான் பெரட்டு. ஆனால் எழுந்து நிற்கும்போது என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். ஜனவரியில் அந்தத் துணை அவருக்குத் தேவைப்படவில்லை.

மார்ச் 22, சனி

மதிப்பெண் 70. கட்டிலிலிருந்து எழுவதில் மட்டும் 15 என்பது 10 ஆகியிருக்கிறது. மூன்றாம் நிலையில் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் பணியாளர் வேலையாகிவிடும். இன்று தாமாகச் செய்வதை நாம் செய்யத் தொடங்கினால் சில மாதங்களில் அந்தக் கை மறந்துவிடும் என்று கூட்டத்தில் அழுத்திச் சொன்னேன். விழுந்தால் யார் பொறுப்பு என்று இரவுப் பணியாளர் கேட்டது நியாயமான கேள்வி. நிலையை மாற்றவில்லை. ஆனால் விழாமல் பார்த்துக்கொள்ள, அதிகாலை 3:50க்கு ஒருவர் பாட்டியின் அறையில் இருக்க வேண்டும் என்று பணிப்பட்டியலில் சேர்த்தோம். நான்கு வாரம் கழித்து மீண்டும் அளப்போம். முதல் வாரம் என் முறை.