பரீட்சை வைக்காமல் பேசுவது

டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களோடு எப்படிப் பேசுவது என்று, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குப் பழக்கிக்கொடுப்பது என் வேலை. போகிற வீடெல்லாம் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?” மகன் கேட்பார், மருமகள் கேட்பார், ஊரிலிருந்து வந்த சித்தப்பா செருப்பைக் கழற்றிய கையோடு கேட்பார்.

பிரியத்தில்தான் கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டே ஞாபகத்தைத் தக்கவைத்துவிடலாம் என்ற நப்பாசையும் இருக்கிறது. ஆனால் டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயில், மூளையில் முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று, புதியவற்றைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. கேள்வி கேட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பதில் வராதபோது அவமானம்தான் மிஞ்சும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் மகள் தினமும் காபியோடு இந்தக் கேள்வியையும் நீட்டுவார். அவர் டம்ளரை வாங்காமல் வேட்டி ஓரத்தைத் திருகிக்கொண்டிருப்பார். எதிரில், அவர் கண்மட்டத்தில் உட்காரச் சொன்னேன். “அப்பா, உங்க பெரிய பொண்ணு வந்திருக்கேன். காபி சூடா இருக்கு” என்றார் மகள். அப்புறம் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். இந்தக் காத்திருப்புதான் பழகுவதற்கே கஷ்டம். சற்று நேரம் கழித்து அவர், “ஆத்திக் குடும்மா” என்றார்.

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்வதுண்டு. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சந்தோஷமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்ததில் பெரும்பகுதி சீக்கிரமே மறந்துபோயிற்று. ஆனால் அதனால் உண்டான வருத்தமும் மகிழ்ச்சியும் அதற்குப் பிறகும் நீடித்தன. காலையில் அதட்டியது மறந்திருக்கலாம். மனசு கலங்கியது மத்தியானம்வரை கூடவே இருக்கலாம்.

இன்னொரு வீட்டில் ஓர் அம்மா, இறந்துபோன கணவரை “எப்ப வருவார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “அவர்தான் போய்ச் சேந்துட்டாரே” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச்சாவு. “அப்போ பொய் சொல்லச் சொல்றீங்களா?” என்றார் மருமகள். நியாயமான கேள்வி. வருவார் என்று சொல்ல வேண்டாம், அவரைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். “மாமாவுக்கு என்னத்தே பிடிக்கும்?” என்று கேட்டதும், அந்த அம்மா வத்தக்குழம்பில் ஆரம்பித்து முதல் சம்பளத்தில் வாங்கிய புடவைவரை போய்விட்டார். அதில் பாதி மருமகளுக்கே புதுசு.

சாயங்காலம் மறுபடி கேட்பார். மறுபடியும் இப்படித்தான் பேச வேண்டும். சலிப்பு தட்டினால், வேறொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்துபோகச் சொல்லியிருக்கிறேன்.