மயிலை கபாலீசுவரர் கோயிலில் நிழல் மறைந்த உச்சிக்காலம்

சித்திரை 11, அதாவது ஏப்ரல் 24 அன்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போயிருந்தேன். சென்னையில் வருஷத்துக்கு இரண்டு நாள்தான் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும், ஏப்ரல் 24, அப்புறம் ஆகஸ்ட் 18. அந்த நேரத்தில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அதை உச்சிக்கால பூஜை நடக்கும் வேளையில் கோயிலுக்குள்ளேயே நின்று பார்க்கணும் என்பது அப்பாவின் ரொம்ப நாள் ஆசை.

ஒன்பது மணிக்கே போய்விட்டோம். பூக்கடை அம்மாவிடம் அப்பா ஒரு பச்சை ஈர்க்குச்சி கேட்டு வாங்கினார். விரலை ஒட்டி ஒட்டி வைத்து பதினாறு விரற்கடை அளந்து, மிச்சத்தை நகத்தால் கிள்ளி எறிந்தார். தாத்தா வயலில் இப்படித்தான் மணி பார்ப்பாராம். ஈர்க்கை இரண்டாக மடித்து, ஒரு பாகத்தைத் தரையில் கிடத்தி, இன்னொரு பாகத்தைச் சூரியன் பக்கம் நிமிர்த்தி வைக்கணும். நிற்கிற பாகத்தின் நிழல் கிடக்கிற பாகத்தின் நுனியைச் சரியாகத் தொடும் வரை மடிப்பை மாற்றிக்கொண்டே வரணும். அப்போது எத்தனை விரல் நிற்கிறதோ, பொழுது விடிந்து அத்தனை நாழிகை. மதியத்துக்கு மேல் பார்த்தால் அது அஸ்தமனத்துக்கு மீதியுள்ள நாழிகை.

“நீயே எண்ணிப் பாரும்மா” என்றார். எட்டு விரல். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், எட்டு நாழிகைக்கு 3 மணி 12 நிமிடம். அன்று உதயம் 5.53, கூட்டினால் 9.05. என் செல்போனில் மணி 9.08! ஒரு ஈர்க்குச்சி இவ்வளவு சரியாகச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, உடம்பு சிலிர்த்துவிட்டது.

சுவாமி, கற்பகாம்பாள் தரிசனம் நிம்மதியாகக் கிடைத்தது. அம்பாள் மயிலாக வந்து பூஜித்த புன்னை மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில் அரண்மனைக்கு மனை குறிக்கக்கூட இரண்டு கோல் நட்டு, நிழல் பார்த்து, கயிறு பிடித்துத்தான் திசை கண்டார்கள், நெடுநல்வாடையிலேயே அது வருகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் நான் அவசரப்பட்டு எழுந்தேன். அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்தார். நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கானது, சென்னை அதற்கு மேற்கே 80¼ பாகையில் இருக்கிறது, அதனால் சூரியன் நமக்குச் சுமார் ஒன்பது நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வருவார். அதுவும் சராசரிதான். நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே வந்துவிடுவார், பிப்ரவரி நடுவில் 12.23 ஆகும். அன்றைக்கு 12.07.

கொடிமரத்துப் பக்கம் வந்தோம். தரைக்கல் கால் வைக்க முடியாமல் கொதித்தது. அப்பா கைத்தடியைச் செங்குத்தாக நிறுத்தினார். நிழல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் அடியில் இருக்கும் ரப்பர் குமிழுக்குள்ளேயே ஒடுங்கிவிட்டது. உள்ளே மணியோசை கேட்டது. இரண்டு பேரும் கை கூப்பினோம், தடியை நான் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும், கீழே பார்த்தால் நூல் போல ஒரு நிழல் எட்டிப் பார்த்தது. இங்கே சுவாமி மேற்கே பார்த்து இருக்கிறார், கொடிமரம் அவருக்கு எதிரே. காலையெல்லாம் குளத்துப் பக்கம் கிடந்த நிழல் இப்போது கிழக்கே, சந்நிதியை நோக்கிச் சாய ஆரம்பித்திருந்தது.