சுவாமிமலையில் 37-ஆவது படி

கணவர் வீட்டுக்குக் குலதெய்வம் சுவாமிமலை முருகன். மகளுக்கு மூன்றாம் வயதில் இரண்டாவது மொட்டை போட வேண்டும் என்று முதல் மொட்டை அன்றே மாமியார் சொல்லிவிட்டார். ஆகவே எங்கே என்பதில் பேச்சே இல்லை. யார் மடியில் உட்கார வைப்பது என்பதுதான் எனக்குக் கவலை. மொட்டைக்குத் தாய்மாமன் மடி வேண்டும். நான் ஒற்றைப் பிள்ளை. போன தடவை கணவரின் மடியிலேயே உட்கார வைத்து முடித்துவிட்டோம். யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மனசுக்குள் அது இருந்துகொண்டே இருந்தது.

மார்கழியில் கும்பகோணத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். "உனக்கு அண்ணன் இல்லைன்னு யாரும்மா சொன்னது? திருச்சியிலேருந்து அவன் வருவான். அவன் மடியிலதான் குழந்தை உட்காரணும். நீ தேதியைப் பாரு."

பெரியப்பா என்று கூப்பிடுகிறேனே தவிர, ரத்த உறவு கிடையாது. அவரும் என் அப்பாவும் கும்பகோணத்தில் ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்த்தவர்கள். எதிரெதிர் வீடு. இரண்டு பேரும் 1951-இல், கர வருஷம் ஐப்பசியில் பத்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். 2011-இல் கர வருஷம் சுற்றி வந்தபோது, அதே பத்து நாள் இடைவெளியில் இரண்டு பேருக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. பேத்தியை அவர் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். விக்கிரவாண்டி வரை பாப்பா தூங்கினாள். அதற்குப் பிறகு கும்பகோணம் வரை அவளும் தூங்கவில்லை, எங்களையும் நிம்மதியாக உட்கார விடவில்லை. இரண்டேகால் வயது. நடக்கத் தெரிந்த கால்கள் சும்மா இருக்காது. சீட் பெல்ட் வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், பாட்டு வேண்டாம், இறங்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேசவே தெம்பில்லை.

பெரியம்மா வாசலிலேயே அவளை வாங்கிக்கொண்டார். ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு ஆழாக்கு, முறத்தில் கொஞ்சம் அரிசி. அவ்வளவுதான். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து பாதி காய்ந்து கூடத்து மூலையில் கிடந்தது. அதையும் எடுத்துக் கையில் கொடுத்தார். அரை மணி நேரம் பாப்பா அரிசியை அளந்து அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். "சிந்தினா சிந்தட்டும், காக்காய்க்கு ஆகும்" என்றார் பெரியம்மா. நான் டபராவில் காபியை ஆற்றியபடி, பத்து வயது வரை ஓடி விளையாடிய அந்தக் கூடத்தையும் ஊஞ்சலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு கோயில்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். பெரியப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "மூணு போதும். குழந்தையோட போறப்போ கோயிலை எண்ணக் கூடாது." இப்போது சின்னக் குழந்தையோடு கோயிலுக்குப் போகிறவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன்.

மாலை நாலரைக்குத் தாராசுரம் போனோம். கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. உச்சி வெயிலில் போனால் கருங்கல் தரையில் குழந்தை கால் வைக்க முடியாது, அதனால் இந்த நேரம்தான் சரி. தாராசுரம் நான் பலமுறை போன கோயில். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஐராவதம் என்ற வெள்ளை யானை வழிபட்டதால் சுவாமிக்கு ஐராவதேஸ்வரர் என்று பெயர். குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற அந்த முன்மண்டபத்துக்கு எதிரே நின்று, தலையை நிமிர்த்தி விமானத்தைப் பார்த்து, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

இந்த முறை நிமிரவே முடியவில்லை. வாசலில் இறக்கிவிட்டதும் பாப்பா ஓடினாள். பலிபீடத்துப் பக்கம் இருக்கும் இசைப் படிகளைத் தட்டப் பார்த்தாள். கம்பிவேலி போட்டிருப்பதால் முடியவில்லை, ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் தேர்ச் சக்கரம். பிறகு திருச்சுற்று முழுக்க ஓட்டம். குனிந்தபடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நான் அவள் பின்னாலேயே. ஓரிடத்தில் சட்டென்று நின்றாள். மாடும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம் அது. யானை உடம்பைக் கையால் மறைத்தால் மாடு, மாட்டை மறைத்தால் யானை. பெரியப்பா தன் கையால் மறைத்து மறைத்துக் காட்டினார். "ஆனை", "மா", "ஆனை", "மா" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வரும்போதுதான் அது நடந்தது. பாப்பா சுவர் ஓரமாக உட்கார்ந்து "மொதலை! மொதலை!" என்று கத்தினாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். விமானத்தின் அடித்தளத்தில், அவள் கண்ணுக்கு நேராக, ஒரு முழம்கூட உயரமில்லாத சிற்பங்கள் வரிசையாக ஓடுகின்றன. அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு. கூடவே அந்தக் காலத்து எழுத்தில் பெயர்க் குறிப்புகள். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன். தகப்பன் காலத்தில் தமிழில் பாடியதை மகன் காலத்தில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். படித்த விஷயம்தான். பலமுறை இதைக் கடந்தும் போயிருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் காட்டிய இடத்தில் நிஜமாகவே முதலை இருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருகிறது. அவிநாசியில் குளத்துக்குப் போன சிறுவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியும் எதிர் வீட்டில் அழுகையும் கேட்டு, என்னவென்று விசாரித்தார். அந்த வயதுப் பிள்ளைக்குப் பூணூல் நடக்கிறது, பறிகொடுத்தவர்கள் அழுகிறார்கள். சுந்தரர் பதிகம் பாட, அத்தனை வருஷ வளர்ச்சியோடு முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. பெரியப்பா இந்தக் கதையைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. பாப்பாவுக்கு முதலை வாயைத் திறப்பது மட்டும்தான் பிடித்தது. எனக்கோ பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் எதிர் வீட்டு மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் நெஞ்சில் நின்றது. கல்லில் அந்தக் குழந்தை என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

உள்ளே தரிசனத்துக்குப் போனபோது அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தீபாராதனை காட்டும்போது திமிறிக்கொண்டு இறங்கப் பார்த்தாள். குருக்கள் கோபப்படவில்லை. விபூதியை முதலில் அவளுக்கு இட்டு, ஒரு வில்வ இலையைக் கையில் கொடுத்தார். வீடு வரும் வரை அதை அவள் விடவேயில்லை.

மறுநாள் காலை இட்லிக்குக் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு இந்தப் பக்கத்து வீடுகளில் செய்கிற குழம்பு. அப்பாவுக்கு உயிர். பெரியம்மா எதுவும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

சுவாமிமலை இயற்கையான மலை இல்லை, கட்டுமலை. பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, தகப்பன் சீடனாக இருந்து கேட்ட தலம். அதனால்தான் முருகனுக்கு இங்கே சுவாமிநாதன் என்று பெயர். கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர், மேலே பிள்ளை. மேலே போக அறுபது படிகள். அறுபதும் பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்கள் என்பது ஐதீகம்.

மொட்டை முதலில். அண்ணன் விடியற்காலையிலேயே வந்துவிட்டார், கூடவே பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு. தாய்மாமன் சீர் என்று ஒன்றைக்கூட விடவில்லை. அவர் மடியில் உட்கார்ந்த பாப்பா, முதல் மயிர்க்கற்றை விழுந்ததும் வீறிட்டாள். அண்ணன் அவள் நெற்றியைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஈர முடி அவர் வேட்டியெல்லாம் ஒட்டியிருந்தது. முடிந்து சந்தனம் தடவியபோதும் தேம்பல் நிற்கவில்லை. ஆனாலும் அவர் சட்டைக் காலரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கூடப் பிறந்தவர் இல்லையே என்று இனி நான் நினைக்க மாட்டேன்.

தூக்கிக்கொண்டு ஏறிவிடலாம் என்று நினைத்தோம். பாப்பா விடவில்லை. அவளே ஏற வேண்டும். கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைத்து, அப்புறம் மறு கால். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பெரியப்பாவுக்கு மூட்டுவலி, அவருக்கும் இந்த வேகம்தான் ஒத்துவந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினார்கள். அவள் ஒரு படி ஏறினால் இவர் ஒரு வருஷம் சொல்வார். பிரபவ. விபவ. சுக்ல. பிரமோதூத. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, தடங்கலே இல்லை. அவளும் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துச் சொல்லிப் பார்த்தாள்.

விரோதி, விக்ருதி, கர. அங்கே நின்றுவிட்டார். 25-ஆவது படி. ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க அப்பாவும் நானும் இங்க வர்றப்போல்லாம் இந்தப் படியில நின்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்போம்மா" என்றார். அப்பா ஒருநாளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. பாப்பா திரும்பி வந்து அவர் வேட்டியை இழுத்தாள். "தாத்தா, வா." குனிந்து அந்தப் படியைத் தொட்டு, அவள் சந்தனத் தலையையும் தொட்டு, அவர் மறுபடியும் ஆரம்பித்தார். நந்தன. விஜய. ஜய.

37-ஆவது படி சோபகிருது. 2023-இல் அவள் பிறந்த வருஷம். "இது உன் படிடா கண்ணு" என்றதும் அவள் அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு நாளில் அவள் தானாகவே ஓரிடத்தில் உட்கார்ந்தது அங்கேதான். மேலே மணி அடித்த பிறகே எழுந்தாள்.

சந்நிதியில் நல்ல கூட்டம். சுவாமிநாதனை வேலும் தண்டமுமாக ஒரு கணம் தெளிவாகப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அப்பா" என்று மட்டும்தான் வாயில் வந்தது. யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது பெரியம்மா தயிர்சாதம், வாழைப்பழம், ஈரத்துணியில் சுற்றிய ஒரு முழம் கதம்பம் எல்லாம் கொடுத்தார். கதம்பம் எனக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதம்பத்தின் மரிக்கொழுந்து வாசனை சென்னையில் கிடைப்பதில்லை என்று முந்தின நாள் சொல்லியிருந்தேன். அதை நினைவு வைத்திருந்தார்.

திரும்பும் வழியில் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்தில் நிறுத்தினோம். கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் முடித்த ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் எழுப்பியது. தகப்பனுடைய விமானம் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். மகனுடையது உயரத்தில் அதைவிடக் குறைவு, மெல்ல உள்வாங்கி வளைந்து ஏறும். எனக்கு இந்த வளைவுதான் பிடிக்கும். பாப்பாவுக்கு சிங்கமுகக் கிணறு. சிங்கத்தின் உடம்புக்குள் படி இறங்குவதை அவளால் நம்ப முடியவில்லை. "சிங்கம் சாப்பிடுமா?" என்று ஐந்தாறு முறை கேட்டாள்.

வடக்கு வாசல் படிப் பக்கம், சுவரில் சண்டேச அனுக்ரக மூர்த்தி. இதைப் பார்க்கத்தான் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சண்டேசர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சேய்ஞலூர்ப் பிள்ளை. மாடு மேய்த்தபடி, மண்ணியாற்றுக் கரையில் மணலால் லிங்கம் பிடித்துப் பாலை ஊற்றி வழிபட்டவர். சிவன் உமையோடு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை கீழே கைகூப்பித் தலையைக் குனிந்து இருக்கிறான். சிவன் தன் கையாலேயே கொன்றை மாலையை அவன் தலையில் சுற்றுகிறார். அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். அவசரமே இல்லை. பூ கசங்கிவிடக் கூடாது என்று பார்த்துச் சுற்றுகிற கை. கல் என்றே தோன்றாது.

பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தன் மொட்டைத் தலையைத் தடவி, "எனக்கு?" என்றாள்.

கணவர் காருக்குப் போய் ஈரத்துணியை எடுத்து வந்தார். அவளைப் படியில் நிற்க வைத்து, காய்ந்த சந்தனத்தின் மேல் கதம்பத்தைச் சுற்றினேன். முடி இல்லை, வழுக்கிக்கொண்டே வந்தது. நெற்றிப் பக்கம் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காதுக்கு மேலே கொண்டுபோய், பின்னால் முடிச்சுப் போட்டேன். அது வரைக்கும் அவள் தலையைக் குனிந்தபடி, அசையாமல் நின்றாள். ஒரு முழப் பூ, இரண்டு சுற்று வந்தது.